சூரத்கல்காரனின் கட்பட்

எங்கள் நண்பனுக்கு சூரத்கல் என்று பெயர் வைத்தது யாரென்று இப்போது நினைவில்லை. கோவையில் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்களோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். 1998-ல் இன்ஜினியரிங் சேர்ந்து, மங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் சூரத்கல் போனான். அவன் சேரும்போது அந்தக் கல்லூரிக்கு கேஆர்இசி என்று பெயர். அவன் படித்து முடித்த 2002-ல்தான் அது என்ஐடி ஆனது. மூன்றாம் செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்தவனிடம் காலேஜ் எப்படி என்று கேட்டோம். காலேஜைப் பற்றி அவன் பேசவே இல்லை. மங்களூரில் ஒரு கடை இருக்கிறது, அங்கே கட்பட் என்று ஒரு ஐஸ்கிரீம் இருக்கிறது என்று ஆரம்பித்தான்.

உயரமான கண்ணாடி டம்ளர். அதைவிட உயரமான ஸ்பூன். அடியில் பச்சை ஜெல்லி, அதற்கு மேல் பழம், அதற்கு மேல் ஒரு ஐஸ்கிரீம், மறுபடி பழம், முந்திரி, இன்னொரு ஐஸ்கிரீம், அதற்கும் மேலே இன்னொன்று. சொல்லும்போது கையால் காற்றில் ஒவ்வொரு அடுக்காகக் கட்டிக் காட்டுவான்.

அப்போது எங்களுக்குத் தெரிந்த ஐஸ் எல்லாம் சைக்கிள் பெட்டியில் வந்தவை. குச்சி ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ். கல்யாண ரிசப்ஷன் என்றால் தட்டையான மரக்கரண்டியோடு கப் ஐஸ். டவுனுக்குப் போனால் அருண். அதனால் அந்தக் கண்ணாடி டம்ளர் எங்கள் கண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதன்பிறகு யார் வீட்டுக் கல்யாணத்தில் ஐஸ்கிரீம் போட்டாலும், எந்த ஊர் டூரில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும், சூரத்கல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஸ்பூனைக் கீழே வைப்பான். எங்களுக்குத் தெரியும், அடுத்து டம்ளர் வரப்போகிறது, அடியில் பச்சை ஜெல்லி வரப்போகிறது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இப்படியே கேட்டிருக்கிறோம். அவன் மனைவிக்கும் இது மனப்பாடம்.

போன ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் ஒருவழியாகக் கிளம்பினோம். நான்கு பேர். நான், சூரத்கல், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் வாத்தியார், பீளமேட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய். கோவையில் ராத்திரி ரயில் ஏறினால் விடிகாலை மங்களூர். அவன் முன்கூட்டியே ஒன்று சொல்லியிருந்தான்: "மழை கொட்டும். ஆனா ஆட்டியிலதான் வரணும்."

ஆட்டி என்றால் நம் ஆடி மாதம்தான். துளு மொழி பேசும் அந்தக் கரையோரத்தில் அதற்கு ஆட்டி என்று பெயர். நம் ஊரில் போலவே அங்கேயும் நல்ல காரியம் எதுவும் செய்யாத மாதம். ஆட்டி அமாவாசை அன்று விடிவதற்குள் எழுந்து ஏழிலைப்பாலை மரத்தின் பட்டையை எடுத்துவந்து, அரைத்துப் பிழிந்து கஷாயம் குடிப்பார்கள். பட்டையைக் கத்தியால் வெட்டக் கூடாதாம், கல்லால்தான் தட்டி எடுக்க வேண்டும். இரண்டாம் வருடம் படிக்கும்போது உடன் படித்த உள்ளூர்ப் பையன் வீட்டில் சூரத்கல்லுக்கும் ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறார்கள். நாக்கு நாள் முழுக்கக் கசந்ததாம். பிறகு அந்த வீட்டு அம்மா வெந்தயக் கஞ்சி கொடுத்தார்களாம். அன்று சாயங்காலம் அந்தப் பையன் இவனை பஸ் ஏற்றி மங்களூருக்குக் கூட்டிப் போய் கட்பட் வாங்கிக் கொடுத்தான். இந்தக் கஷாயக் கதையை அவன் ரயிலில்தான் முதல்முறையாகச் சொன்னான். இத்தனை வருடத்தில் டம்ளருக்கு முன்னால் ஒரு கசப்பு இருந்ததை எங்களிடம் சொல்லவே இல்லை. அந்தப் பையன் இப்போது இல்லை என்பதையும் அப்போதுதான் சொன்னான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாலக்காடு தாண்டியதும் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொண்டோம்.

மங்களூர் சென்ட்ரலில் இறங்கியபோது மழை தூணாக நின்றுகொண்டிருந்தது. இந்த ஊருக்கு எத்தனை பெயர்கள் என்று அவன் ஆட்டோவில் வரிசையாகச் சொன்னான். கன்னடத்தில் மங்களூரு, துளுவில் குட்ல, கொங்கணியில் கொடியால், பியாரி முஸ்லிம்கள் பேசும் மொழியில் மைக்கால, மலையாளிகளுக்கு மங்களாபுரம். ஒரே தெருவில் ஐந்து மொழி புழங்கும் ஊர் என்பதைக் காலை டிபனிலேயே பார்த்துவிட்டோம். ஆர்டர் எடுத்தவர் எங்களிடம் இந்தியிலும், அடுத்த மேஜையில் துளுவிலும், கல்லாவில் கொங்கணியிலும் பேசினார். பன்ஸ் சாப்பிட்டோம். பெயரைக் கேட்டு பேக்கரி பன் என்று நினைத்துவிட வேண்டாம். கனிந்த வாழைப்பழத்தை மாவோடு பிசைந்து, புளிக்கவைத்துப் பொரிக்கிற லேசான இனிப்புப் பூரி. கூடவே நீர் தோசை. கோளி பஜே என்கிற மைதா போண்டா இன்னொரு பிளேட் வேண்டும் என்று பாய் கேட்டபோது சூரத்கல் தடுத்துவிட்டான். வயிற்றில் இடம் வேண்டுமாம்.

காலையில் அவன் கல்லூரிப் பக்கம் போய்வந்தோம். மங்களூருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். அரபிக்கடல் அன்று காப்பித்தூள் நிறத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. அவன் கொஞ்சம் தள்ளிப் போய்த் தனியாக நின்றான், நாங்கள் விட்டுவிட்டோம். திரும்பும்போது தனியார் பஸ். கண்டக்டர் படியில் தொங்கியபடி "ஸ்டேட் பேங்க், ஸ்டேட் பேங்க்" என்று கூவிக்கொண்டே வந்தார். பேங்க்கில் இறக்கிவிடப்போகிறாரோ என்று வாத்தியார் கேட்டான். அங்கே பஸ் ஸ்டாண்டுக்கே அதுதான் பெயர்.

அங்கிருந்து ஹம்பன்கட்டா நடக்கிற தூரம். அந்தப் பெயருக்கு உள்ளூரில் ஒரு கதை சொல்கிறார்கள். அப்பண்ணா என்று ஒரு பெரியவர் அங்கே மரத்தடித் திண்ணையில் உட்கார்ந்து, வழிப்போக்கர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாராம். கட்டெ என்றால் திண்ணை. அப்பண்ணன கட்டெ என்பதுதான் ஹம்பன்கட்டா ஆனதாம். சரித்திரமா வெறும் கதையா என்பது எனக்கு முக்கியமில்லை. தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்த இடம் என்று ஓர் ஊர் தன் நடுவீதியை நினைத்துக்கொள்வது பிடித்திருந்தது.

அந்த ஹம்பன்கட்டாவின் மார்க்கெட் ரோட்டில்தான் ஐடியல் ஐஸ்கிரீம். 1975 மே 1-ஆம் தேதி எஸ்.பிரபாகர் காமத் தொடங்கிய கடை. ஊர் அவரைச் செல்லமாக பப்பா மாம் என்று கூப்பிட்டது. மங்களூர் லால்பாக்கில் இவர்களே நடத்தும் இன்னொரு பெரிய கடைக்கு அந்தச் செல்லப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், பப்பாஸ் என்று. அவர் 2021 நவம்பரில் காலமானார். அன்று மங்களூர்க்காரர்கள் பலரும் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் நினைவை எழுதினார்கள். சூரத்கல் அவற்றையெல்லாம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரு கடைக்காரருக்காக ஓர் ஊர் இப்படி வருத்தப்படுமா என்று அப்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடை வாசல் வரை வந்துவிட்டு சூரத்கல் உள்ளே போகவில்லை. "மார்க்கெட்டை ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா?" என்றான். மல்லிகை விற்கிற இடத்தில் நின்றான். சங்கரபுரம் மல்லிகையை நார் வைத்து நெருக்கமாகக் கட்டியிருந்தார்கள், அதை விலை கேட்டான், வாங்கவில்லை. மழை வலுத்தது. ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். வாத்தியார்தான் கேட்டான்: "ஏன்டா, பயமா இருக்கா?"

"நல்லா இல்லன்னா என்னடா பண்றது?" என்றான் அவன்.

எனக்கும் அதே பயம் இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடலாம். அவன் ருசி மாறிவிட்டதே என்று வருத்தப்படுவான் என்பதல்ல என் பயம். எங்களுக்குப் பிடிக்காமல் போய், நாங்கள் பிடித்த மாதிரி நடித்து, அது அவனுக்குத் தெரிந்துவிட்டால்? இருபத்தைந்து வருடக் கதை மேஜையில் ஒரு நிமிடத்தில் உருகிப்போய்விடும்.

உள்ளே போனோம். கொட்டும் மழையில், மதியம் மூன்றரை மணிக்கு, உட்கார இடமில்லை. இதுதான் முதலில் என்னைத் தொட்டது. நம் பக்கம் ஐஸ்கிரீம் என்பது பெட்டிக்கடை ஃப்ரீசரைத் திறந்து எடுத்து, நின்றுகொண்டோ நடந்துகொண்டோ சாப்பிடுவது. குழந்தை அழுதால் வாங்குவது. இங்கே ஐஸ்கிரீமுக்காகவே வீட்டோடு கிளம்பி வருகிறார்கள். எங்களுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பாட்டி, மகள், பேத்தி. பாட்டியின் முன்னால்தான் பெரிய டம்ளர். குடையை நாற்காலிக் காலில் சாய்த்துவிட்டு, முந்தானையை மடியில் விரித்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பரிமாற வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சூரத்கல் எழுந்து நின்று "எஞ்ச உள்ளர்?" என்றான். நலமா என்று துளுவில் கேட்பது. உள்ளர் என்ற சொல்லில் நம் உள்ளார் கேட்கிறது. பெரியவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒனஸ் ஆண்டா?" என்று கேட்டார். சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். மொழிபெயர்க்கவே தேவையில்லாமல் எங்கள் மூவருக்கும் புரிந்தது. அவருக்கு இவனை அடையாளம் தெரிந்திருக்க வழியில்லை, எத்தனை ஆயிரம் மாணவர்களுக்குப் பரிமாறிய கை அது. ஆனாலும் அப்படிக் கேட்டார். சூரத்கல்லுக்குப் பதில் சொல்ல வரவில்லை. நான்கு விரலைக் காட்டி "கட்பட்" என்று மட்டும் சொன்னான்.

காத்திருந்த நேரத்தில் பாய் அந்தப் பெயரைப் பற்றிச் சொன்னான். "எங்கம்மா தினம் பத்து தடவை சொல்ற வார்த்தைடா இது. குழப்பம், களேபரம்னு அர்த்தம்." கன்னடத்தில் கடிபிடி என்றால் அவசரம். உடுப்பியில் டயானா ஹோட்டலில்தான் முதலில் வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். கூட்டம் நெருக்கிய ஒருநாள் எந்த ஐஸ்கிரீமும் தனியாகப் போதுமான அளவு இல்லாமல், இருந்ததையெல்லாம் அவசர அவசரமாக ஒரே டம்ளரில் போட்டுக் கொடுத்தார்களாம். எங்கே பிறந்திருந்தாலும் அதை வளர்த்தது இந்த இரண்டு ஊர்களும்தான். எனக்கு நம் தடபுடல் என்ற சொல் ஞாபகம் வந்தது. கல்யாண வீட்டுப் பரபரப்பும் விருந்தும் ஒன்றாக இருக்கிற சொல்.

டம்ளர்கள் வந்தன. அடியில் ஜெல்லி.

சிவப்பு ஜெல்லி.

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். சூரத்கல்லும் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, ஸ்பூனை எடுத்தான்.

முதல் வாய் மேலே இருந்த வெனிலா. நன்றாகத்தான் இருந்தது, பால் வாசனையோடு, நாக்கில் பிசுபிசுக்காமல். ஆனால் வெனிலாதானே. இரண்டாவது வாய் ஸ்ட்ராபெர்ரி. எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. இதற்கா இத்தனை வருடம்? முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்தேன். எதிரே அவன் தன் டம்ளரைத் தொடாமல் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது பெரியவர் அந்தப் பக்கம் வந்தார். நான் மேலேயே சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, என் ஸ்பூனைச் சுட்டிக்காட்டி, கையைச் செங்குத்தாகக் கீழே இறக்கி, ஒரு திருப்புத் திருப்பி மேலே எடுப்பது போலச் செய்து காட்டினார். கிணற்றில் பாதாளக்கரண்டி போட்டு வாளி எடுப்போமே, அதே மாதிரி. அந்த ஸ்பூன் ஏன் அத்தனை நீளம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடி வரைக்கும் விட்டு எடுத்தேன். ஸ்பூனில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வந்தது. உருகத் தொடங்கிய ஐஸ்கிரீம், வழுக்கும் ஜெல்லி, ஆப்பிள் துண்டின் லேசான புளிப்பு, பேரீச்சை, கடைசியில் பல்லுக்கிடையில் மாட்டி நொறுங்கிய முந்திரி. இனிப்பு, அதன் மேல் புளிப்பு, மறுபடி இனிப்பு, நடுவில் ஒரு கடிப்பு. தனித்தனியாக எதுவும் அதிசயமில்லை. ஒரே வாயில் சேர்ந்தபோது வேறாக இருந்தது. அடுத்த வாயில் வேறு விகிதம், வேறு ருசி. நான் எதுவும் சொல்லவில்லை. நடிக்க வேண்டியிருக்கவில்லை. பாய் தன் டம்ளரைச் சாய்த்து அடியைத் துழாவிக்கொண்டிருந்தான். வாத்தியார் "டேய்" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகுதான் சூரத்கல் சாப்பிட ஆரம்பித்தான். ஒரு வாய் எடுத்து, வாயிலேயே வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று தில்குஷ் என்ற இன்னொரு ஐஸ்கிரீமும் சொன்னோம். மறுநாள் லால்பாக் பப்பாஸில் பார்ஃபே. அது கூட்டமும் சத்தமும் காலேஜ் பிள்ளைகளுமாக இன்னும் பெரிய உலகம். நல்ல கடைதான், ஆனால் எனக்கு மார்க்கெட் ரோடு போதும்.

இந்தக் கரையில் ஏன் இத்தனை பேர் ஐஸ்கிரீமில் கைதேர்ந்தவர்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மும்பை ஜூஹூவில் 1984 பிப்ரவரி 14-ஆம் தேதி நேச்சுரல்ஸ் ஐஸ்கிரீமைத் தொடங்கிய ரகுநந்தன் காமத்தும் சூரத்கல்லுக்கு வடக்கே இருக்கும் முல்கியைச் சேர்ந்தவர். அப்பா பழ வியாபாரி. பழத்தின் பக்குவத்தைச் சின்ன வயதிலேயே தொட்டுப் பார்த்துக் கற்றவர். 2024 மே மாதம் அவரும் போய்விட்டார். சென்னையில் உட்லண்ட்ஸைத் தொடங்கிய கிருஷ்ணா ராவும் உடுப்பிப் பக்கத்துக்காரர்தான். போகிற ஊரிலெல்லாம் ஹோட்டல் வைத்து நாலு பேருக்குச் சாப்பாடு போட்டவர்களின் மண் இது. வந்தவர்களை உட்காரவைத்து, நிதானமாகப் பரிமாறும் பழக்கம் ஐஸ்கிரீமுக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். 1970-ல் சென்னையில் தொடங்கிய அருண், நம் சின்னச் சின்ன ஊர்கள் வரை ஐஸ்கிரீமைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது ஒரு பெரிய வேலை. ஐடியல் பெரும்பாலும் தன் கரையோரத்தோடு நின்றுகொண்டது. அதுவும் ஒரு பெரிய வேலைதான். அதனால்தான் நாங்கள் ரயில் ஏற வேண்டியிருந்தது.

வாத்தியாருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு ஃபேமிலி பேக், தெர்மாகோல் பெட்டி, மீன் விற்பவர்களிடம் கேட்டு வாங்கிய ஐஸ்கட்டி என்று ரயிலடிக்கு வந்துவிட்டான். ஐஸ்கட்டியால் ஐஸ்கிரீமைக் காப்பாற்ற முடியாதென்று சூரத்கல் சொல்லிப் பார்த்தான். உருகுகிற ஐஸ்கட்டி பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போகாது. ஐஸ்கிரீமோ பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழேயே இளகத் தொடங்கிவிடும். அதனால்தான் அந்தக் காலத்துக் கை மெஷினில் ஐஸோடு கல்லுப்பைக் கொட்டினார்கள், உப்பு சேர்ந்தால் குளிர் இன்னும் கீழே இறங்கும். வாத்தியார் உடனே ஓடிப்போய் ஒரு கிலோ கல்லுப்பும் வாங்கிவந்தான். காசர்கோடு தாண்டும் வரை அடிக்கடி பெட்டியைத் திறந்து உப்புப் போட்டான். பிறகு தூங்கிவிட்டான். கோவையில் திறந்தபோது கெட்டிப் பால் மாதிரி இருந்தது.

இருந்தாலும் ஃப்ரீசரில் வைத்தான். ஐஸ்கிரீமை வழுவழுவென்று வைத்திருப்பது அதில் கடைந்து ஏற்றிய காற்றும், கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியான பனித்துகள்களும்தான். ஒருமுறை உருகினால் காற்று போய்விடும், மறுபடி உறையும்போது துகள்கள் பெரிதாகக் கட்டிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் எல்லாரும் கூடினோம். வெட்டிய ஆப்பிள், வாழைப்பழம், முந்திரி, கடையில் வாங்கிய ஜெல்லி எல்லாம் போட்டு எவர்சில்வர் டம்ளர்களில் கொடுத்தான்.

"கரகரன்னு இருக்கு மாமா," என்றாள் பாயின் சின்ன மகள். "இதுவா கட்பட்?"

சூரத்கல் தன் ஸ்பூனைக் கீழே வைத்தான். நாற்காலியைப் பிள்ளைகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "இல்ல கண்ணு. அது உயரமான கண்ணாடி டம்ளர். அதைவிட உயரமா ஒரு ஸ்பூன்." இரண்டு கையும் காற்றில் எழுந்தன. "அடியில சிவப்பு ஜெல்லி..."

"பச்சைடா," என்றோம் நாங்கள் மூன்று பேரும்.